பதினோராவது இலக்கம்

ஏப்ரல் 4

கழித்துப் போட்ட தாள்களை மடித்துத் தைத்து இந்த நோட்டைச் செய்தேன். ஒவ்வொரு பக்கத்தின் முதுகிலும் யாரோ ஒருவருடைய கல்யாணம் கோணலாக அச்சாகியிருக்கிறது. நேராக அச்சான கல்யாணங்களும் இதைவிட மேலாக இருந்துவிடப் போவதில்லை.

என் பெயர் பேச்சியம்மாள். வயது பதினாறு. கோவில்பட்டியில் செண்பகராஜ் அண்ணாச்சியின் அழைப்பிதழ் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்து அடிக்கிறேன். பத்தாம் வகுப்பில் பாதியிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். சலித்துவிட்டது. தாள் மடிக்கும் தங்கமாரி அக்கா, “பேரு பேச்சி, வாயில பேச்சே கெடையாது” என்று தினமும் சொல்கிறாள். பதினொரு மாதமாக ஒரே வேடிக்கை. அவளுக்கு அதுவே போதும்.

இன்று ஒரு கல்யாணப் பெண் வந்தாள். பூரணி. கணிதத்தில் எம்.எஸ்சி. கூடவே அப்பா சங்கரலிங்கம், இரும்புக் கடைக்காரர். அவள் மடித்த காகிதம் ஒன்றை மேஜைமேல் விரித்து, அது உடைந்துவிடும் என்பது போல நீவினாள்.

“உள்தாள்ல இந்த எண் வரணும் அண்ணாச்சி. படிக்கட்டு மாதிரி. முதல் வரியில இருபத்து நாலு இலக்கம். அடுத்த வரியில முன்னால இருந்து ஒண்ணு குறையும். இப்படியே குறைஞ்சு கடைசி வரியில ஏழு மட்டும் நிக்கும்.”

“லாட்டரி நம்பராம்மா?”

“பகா எண் அண்ணாச்சி. ஒண்ணையும் அதையும் விட்டா வேற எதாலயும் மீதியில்லாம வகுக்க முடியாது. முன்னால இருந்து ஒவ்வொரு இலக்கமா எடுத்துட்டே வந்தாலும், மிச்சம் இருக்கிறதும் பகா எண்தான். இப்படி இருக்கிற எண்கள்ல இதுதான் ஆகப் பெரிசு. இதுக்கு முன்னால இன்னொரு இலக்கம் சேத்தா, எதைச் சேத்தாலும் கெட்டுப்போகும்.”

அண்ணாச்சி அவள் அப்பாவைப் பார்த்தார். அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மேல பிஎச்.டி. படிக்கணும்னா. மாப்ள வீட்டுல வேண்டாம்னுட்டாங்க. சரி, பதிலுக்கு வேற என்ன வேணும்னு கேட்டேன். நகையைக் கேப்பான்னு பாத்தா இதைக் கேக்கா. போட்டு விடுங்க.”

நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து வருடப் படிப்பைக் கொடுத்துவிட்டு இருபத்து நான்கு இலக்கத்தை வாங்கிக்கொண்டு போகிறவள் புத்திசாலியாம். அதையும் உள்தாளில் ஒளித்து.

அவர்கள் அட்டை மாதிரிகளைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே எண்ணை அடித்துவிட்டேன். கையெழுத்து மகா மோசம். எம்.எஸ்சி. வரைக்கும் யாரும் இவளுக்கு எழுதச் சொல்லித் தரவில்லை போல. நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்து தடுப்புக் கதவு வரை போனேன். குடிக்காமல் திரும்பினேன். தாகம் இல்லை.

ஏப்ரல் 5

முதல் வரியை இருபத்து மூன்று முறை நகல் எடுத்து, ஒவ்வொன்றிலும் முன்னால் இருந்து அழித்துக்கொண்டே வந்தேன். வலது பக்கம் ஏழுகள் ஒன்றின் கீழ் ஒன்றாகச் செங்குத்தாக இறங்குகின்றன. பார்க்க அழகாக இருக்கிறது. அதில் அந்தப் பெண்ணுடைய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. வரிகளை ஒழுங்காக நிறுத்தியது நான்.

மதியம் மோர்சாதம். அம்மா உப்புப் போட மறந்திருந்தாள்.

ஏப்ரல் 7

புரூப் பார்க்க சங்கரலிங்கமும் அவருடைய அண்ணனும் வந்தார்கள். பெண் வரவில்லை. பூ வைத்த பெண் வெயிலில் அலையக் கூடாதாம்.

ஒன்றரை மணி நேரம் பெயர்களுக்காகச் சண்டை போட்டார்கள்.

“தாய்மாமன் பேரு ரெண்டாவது வரியிலயா? நான் செத்தாச்சா?”

“அண்ணே, உங்க பேரு மேல, கொட்டை எழுத்துல இருக்கு.”

“கொட்டை எழுத்துல இருக்கு, பட்டம் எங்கடே? பி.ஏ. எங்க? சும்மாவா படிச்சேன்?”

பி.ஏ. போட்டேன். அவர் தேர்வு எழுதிய பாடங்களில் பாதியில் தோற்றவர் என்று தங்கமாரி அக்கா பிறகு சொன்னாள். முகூர்த்த நேரத்தை நான்கு முறை விரல் வைத்துப் படித்தார்கள். உள்தாளைத் திருப்பி, “இதென்ன கரண்டு பில்லா?” என்று சிரித்து, திருப்பி வைத்தார்கள்.

அண்ணாச்சி, “பிள்ளைக்குப் போன்ல அனுப்பிருவோமா?” என்று கேட்டார்.

“வேண்டாம், வேண்டாம். அவ பாத்தா அதுக்கு ஒரு திருத்தம் சொல்லுவா. எல்லாம் பாத்தாச்சு.”

கையெழுத்துப் போட்டார்கள். இந்த ஊரில் எல்லாரும் புரூப் பார்ப்பது இப்படித்தான். தன் பெயரைத் தேடுவார்கள். கிடைத்ததும் மற்றதெல்லாம் சரியாகிவிடும்.

ஏப்ரல் 9

எண்களைக் கண்டால் இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பது என் பழக்கம். பஸ் டிக்கெட், காஸ் சிலிண்டர், எதிரே வரும் லாரி. இன்று மின்சாரம் இல்லாத நேரத்தில் பூரணியின் எண்ணைக் கூட்டினேன்.

நூற்றுப் பதினேழு.

இன்னொரு முறை கூட்டினேன். நூற்றுப் பதினேழுதான். இலக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றால் வகுபட்டால் அந்த எண்ணும் மூன்றால் வகுபடும். இது ஆறாம் வகுப்புப் பாடம். நம்பாமல் நீள வகுத்தலும் செய்தேன். 119228770898738855876379 முறை போனது. மீதி இல்லை.

பகா எண்ணாம். ஆகப் பெரியதாம். காகிதத்தை நீவின நீவலென்ன! மூன்றால் வகுபடுகிறது, பூரணி எம்.எஸ்சி. அவர்களே. ஆறாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

யாரிடமும் சொல்லவில்லை. அறுநூறு வீட்டுக்குப் போகட்டும். மாப்பிள்ளையின் நண்பன் எவனாவது கூட்டிப் பார்த்துச் சபையில் சிரிக்கட்டும். இன்று முழுக்க வாய்க்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தேன். தங்கமாரி அக்கா, “என்னட்டி, எவனையாவது பாத்துட்டியா?” என்றாள். அவளுக்குத் தெரிந்த ஒரே காரணம் அது.

ஏப்ரல் 11

அறுநூறு உள்தாளும் அச்சாகிக் காய்கின்றன. மயில்நீல மை. நன்றாக வந்திருக்கிறது, மூன்றால் வகுபடும் அந்த எண்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. அச்சகம் லீவு. அம்மா வடை சுட்டாள். சித்தி வந்து, “இவளை இப்படியே வச்சிருக்கப் போறியா?” என்று நான் ஊறுகாய் ஜாடி என்பது போலக் கேட்டுவிட்டுப் போனாள்.

கழிவு உள்தாள் ஒன்றைக் கொண்டுவந்திருந்தேன். பூரணியின் முட்டாள்தனம் முழுவதையும் ஒரே இடத்தில் பார்த்துவிட வேண்டும் என்று இருபத்து நான்கு வரிகளையும் சோதித்தேன். கீழே இருந்து தொடங்கினேன். 7, 37, 137 எல்லாம் பகா எண்கள். 9137-ஐ 89 வரைக்கும் இருக்கிற ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்தேன். எதற்கும் மசியவில்லை. அதற்குமேல் கையால் முடியாது என்பதால் மூன்றால் மட்டும் பார்த்தேன்.

கீழே இருக்கிற பதின்மூன்று வரிகளிலும் ஒன்றுகூட மூன்றால் வகுபடவில்லை. ஏமாற்றமாக இருந்தது. மேலே இருக்கிற பதினொன்றில் ஐந்து வகுபட்டன. ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, ஒன்பதாம் வரிகள்.

ஏன் எல்லாத் தப்பும் மேலேயே இருக்க வேண்டும்?

பன்னிரண்டாவது வரியில் இருந்து எல்லாம் சுத்தம். அந்த வரிக்கு முன்னால் கடைசியாகக் கழன்று போன இலக்கம் பதினோராவது. அது இருக்கிற வரைக்கும் நோய். அது போனதும் சுகம்.

பதினோராவது இலக்கம் ஒன்பது.

வடை தின்னவில்லை.

ஏப்ரல் 15

அண்ணாச்சி வருவதற்கு முன்பே போய்க் கோப்பில் இருந்த பூரணியின் காகிதத்தை எடுத்தேன். அந்த எண்ணில் ஒன்பது போலத் தெரியும் இன்னோர் இலக்கம் ஒன்றுதான் இருக்கிறது, இருபத்தொன்றாவது இடத்தில். அதன் வால் வளைந்திருக்கிறது. பதினோராவதன் வால் நேராக நிற்கிறது. காகிதத்தின் மூலையில் அவள் தேதி போட்டிருக்கிறாள். அன்று ஏப்ரல் நான்கு. அந்த நான்கின் தலையும் மூடியிருக்கிறது. வாலும் நேராக நிற்கிறது.

ஒன்பதை நான்காக்கினால் கூட்டுத்தொகை 112. மூன்றால் வகுபடாது. ஏழால் வகுத்தேன், மீதி நான்கு. பதினொன்றால், மீதி ஐந்து. பதிமூன்றால், மீதி இரண்டு.

357686312646216567629137. அவளுடைய எண் இதுதான். கெடுத்தது நான்.

நான்காம் தேதி எனக்குத் தாகம் எடுக்கவில்லை. ஒன்பதா நான்கா என்று சந்தேகம் வந்துதான் எழுந்தேன். அவள் பத்தடி தூரத்தில் சந்தன நிற அட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். “அக்கா, இது நாலா?” மூன்று சொற்கள். தடுப்புக் கதவு வரை அவற்றை வாயில் வைத்துக்கொண்டு போனேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் திரும்பிவிட்டேன்.

ஏப்ரல் 16

தப்பை வாயால் சொல்லாமலேயே சரிசெய்யலாம் என்று ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒன்பதின் தலையைச் சவர பிளேடால் மெல்லச் சுரண்டினால் மேல்பக்கம் திறந்த நான்காகிவிடும். ஒரு தாளில் தப்பான ஒன்பது பதினொன்று. அறுநூறு தாளுக்கு ஆறாயிரத்து அறுநூறு. தங்கமாரி அக்கா டீ குடிக்கப் போகும் நேரங்களில் சுரண்டினேன். இருபத்து மூன்று தாள் முடிந்தது. சுரண்டிய இடமெல்லாம் பூனை பிறாண்டியது போல இருந்தது.

இருபத்து நான்காவதில் பிடிபட்டேன்.

“ஏட்டி, கல்யாணக் கார்டை என்ன பண்ணுத?”

தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அவள் தாளைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

“தப்பா அடிச்சிட்டியா?”

தலையாட்டினேன்.

“அவங்கதான் கையெழுத்துப் போட்டாச்சுல்லா? பேசாம விட்டுத் தொலை. விட முடியலையா, அண்ணாச்சிகிட்ட போய்ச் சொல்லு. ஒரு வார்த்தை சொல்றதுக்குப் பயந்துக்கிட்டு இத்தனையும் சுரண்டப் போறியாக்கும்? ஒனக்கெல்லாம் எவம்ட்டி வேலை குடுத்தது?”

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். அவள் சொல்கிறாள், நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

ஏப்ரல் 17

பள்ளிக்கூடம் எனக்குச் சலிக்கவில்லை.

பத்தாம் வகுப்பில் கணக்கு டீச்சர் என்னைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். விடை எனக்குத் தெரியும். எழுந்து நடக்கும்போதே மனதில் முடித்துவிட்டேன். சுண்ணக்கட்டியைக் கையில் வாங்கியதும் நாற்பத்திரண்டு பேருடைய கண்ணும் முதுகில் ஏறின. மணி அடிக்கும் வரை அப்படியே நின்றேன். “சிலை வச்சாச்சு, மாலைதான் பாக்கி” என்றார் டீச்சர். மறுநாள் வயிற்றுவலி. அதற்கு மறுநாளும். அம்மாவிடம் படிப்பு ஏறவில்லை என்றேன். அம்மா நம்பினாள். அவ்வளவு சீக்கிரம் நம்பியிருக்க வேண்டாம்.

இன்று பதினோரு மணிக்கு அண்ணாச்சியின் மேஜை முன்னால் போய் நின்றேன்.

“என்ன புள்ள?”

“சங்கரலிங்கம் வீட்டுக் கார்டு. எண்ணு தப்பு. நான்தான் தப்பா அடிச்சேன்.”

அவர் புரூப்பை எடுத்துக் கையெழுத்தைத் தட்டிக் காட்டினார். “அவங்க பாத்துட்டாங்க. நம்ம மேல பழி இல்ல. போ.”

“மூணால வகுபடுது.”

“வகுபட்டா வகுபட்டுட்டுப் போகுது. உனக்கென்ன?”

கழிவுத் தாள் ஒன்றைத் திருப்பி அவர் முன்னால் போட்டேன். அவருடைய பேனாவையே எடுத்தேன். இலக்கங்களை மூன்று மூன்றாக எழுதிக் கூட்டிக் காட்டினேன். பகா எண் என்றால் என்ன என்று சொன்னேன். ஒரே ஓர் இலக்கம் மாறினால் என்ன ஆகிறது என்று சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது போலக் கேட்டது. தங்கமாரி அக்கா மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

அண்ணாச்சி கொட்டாவி விட்டார். “புள்ள, அறுநூறு கார்டுல ஒருத்தன் கூட்டிப் பாக்க மாட்டான்.”

“அந்த அக்கா பாப்பாங்க.”

“பாத்தா?”

“முகூர்த்தம் ஒம்பது மணி. அதை நாலு மணின்னு அடிச்சு, அவங்க கையெழுத்தும் போட்டுட்டா, அப்படியே குடுத்து விடுவீங்களா?”

“அதும் இதும் ஒண்ணா?”

“அந்தக் கார்டுல மத்ததெல்லாம் அவங்க வீட்டுல உள்ளவங்களுக்கு. அந்த அக்காவுக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்.”

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் தங்கமாரி அக்காவைப் பார்த்தார்.

“பேச்சி பேசிட்டா” என்றாள் அவள். இன்று அந்த வேடிக்கை எரிச்சலூட்டவில்லை. பழகிவிட்டது போல.

“தாள் மிச்சம் கிடக்கு, அடிச்சிரலாம்” என்றார் அண்ணாச்சி. “அறுநூறையும் நீதான் மடிக்கணும். நீதான் கொண்டு போய்க் குடுக்கணும். தப்பு பண்ணினவ நீ, நீயே அவங்ககிட்ட சொல்லிக்க. நான் வர மாட்டேன்.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பகா எண்ணுக்கும் பாகற்காய்க்கும் வித்தியாசம் தெரியாத மனிதர்.

ஏப்ரல் 18

மடித்தேன்.

ஏப்ரல் 21

ஷேர் ஆட்டோவில் இரண்டு கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு போனேன். அந்த வீட்டில் கூடம் முழுக்க அத்தைகள். பெரிய எவர்சில்வர் அண்டாவுக்குள் தலையை விட்டு ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா முதல் கார்டை எடுத்துத் தன் பி.ஏ.வைப் படித்துவிட்டுத் திருப்தியாகக் கீழே வைத்தார்.

பூரணி உள்ளறையில் இருந்து வந்தாள். கார்டைத் திறந்ததும் பெயர்களைத் தாண்டி நேராக உள்தாளுக்குப் போனாள். சத்தமில்லாமல் உதடு அசைந்தது. அவள் என்ன செய்கிறாள் என்று அந்தக் கூடத்தில் என் ஒருத்திக்குத்தான் தெரியும். ஏற்கெனவே கூட்டி வைத்திருந்த விடையோடு காத்திருந்தேன்.

“நூத்திப் பன்னெண்டு” என்றாள்.

நானும் அதே நேரத்தில் சொல்லிவிட்டேன். தானாக வந்துவிட்டது.

அவள் நிமிர்ந்தாள். “உனக்கு எப்படித் தெரியும்?”

சொன்னேன். நான்கை ஒன்பதாக அடித்தது, கேட்க வந்து திரும்பியது, திரும்ப அச்சடித்தது. கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு சொன்னேன், ஆனால் சொன்னேன். பழைய தாள் ஒன்றையும் கொடுத்தேன்.

“எப்படிக் கண்டுபிடிச்ச?”

“மூணால வகுபட்டுச்சு.”

“நூத்திப் பதினேழு…” என்று ஒரு கணம் யோசித்தாள். “அப்ப ஒம்பதாலயும் வகுபடும்.”

“வகுத்தா கூட்டுத்தொகையில பதிமூணு வரும். எண்ணுல என்ன வரும்னு பாக்கல.”

அவள் சிரித்தாள். அண்டாவில் இருந்து தலையை எடுத்து ஓர் அத்தை திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். அப்படிச் சிரிக்க அதில் என்ன இருக்கிறது?

“தப்பு என் மேலயும்தான். என் நாலு எப்பவும் அப்படித்தான்” என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “இதுக்கு முன்னால எதைச் சேத்தாலும் கெடும்னு அன்னிக்குச் சொன்னேன்ல. ரெண்டு, அஞ்சு, எட்டு சேத்தா மூணால வகுபடும்.”

“மூணு சேத்தா ஏழால. ஆறு சேத்தா பதினொண்ணால.”

அதை அன்று மடிக்கும்போதே பார்த்திருந்தேன். சும்மா.

அவள் என்னைப் பார்த்தாள். கரும்பலகை முன்னால் முதுகில் ஏறிய கண்கள் போல இல்லை அது. எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

“மிச்சம் ஒண்ணு, நாலு, ஏழு, ஒம்பது” என்றாள். “அந்த நாலு இலக்கமும் சேத்தா எதெதால வகுபடும்னு கையாலயே கண்டுபிடிக்கணும்னு இருந்தேன். இனிமே எங்க…”

“ஏ பூரணி, எண்ணையே பாத்துட்டு நிக்கியே, ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்க வந்திருக்காங்க பாரு!” என்று உள்ளே இருந்து யாரோ கத்தினார்கள்.

அவள் பழைய தாளையும் புதிய தாளையும் சேர்த்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். கதவருகில் திரும்பி, “நீ பாரு” என்றாள்.

எனக்கு வேறு வேலை இல்லையா என்ன? அவள் விட்டுவிட்டுப் போவதை எல்லாம் பொறுக்கிக்கொண்டு திரிவதற்கு?

ஏப்ரல் 24

இன்று நான்கு கல்யாணம், ஒரு காதுகுத்து. காதுகுத்துக்காரர்கள் குழந்தையின் பெயரைத் தவிர எல்லாருடைய பெயரையும் சரிபார்த்தார்கள்.

மதியம் பூரணி விட்டுப்போன நான்கு இலக்கங்களையும் ஒவ்வொன்றாக முன்னால் சேர்த்துப் பதினேழால் வகுத்தேன். எதுவும் சாயவில்லை. பத்தொன்பதும் பலிக்கவில்லை. இருபத்து மூன்றில் ஏழு விழுந்தது. ஏழை முன்னால் சேர்த்தால் இருபத்து மூன்றால் மீதியில்லாமல் வகுபடுகிறது. மூன்று முறை சரிபார்த்தேன்.

விடையை இந்த நோட்டில் குறித்து வைக்கத் தொடக்கத்தில் இருந்து புரட்டினேன். நான்காம் தேதியை மேலே போட்டிருக்கிறேன். பதினான்காம் தேதியையும். இரண்டிலும் என் நான்கின் தலை மூடியிருக்கிறது. யாராவது அடித்தால் ஒன்பது என்றுதான் அடிப்பார்கள்.

இன்றைய தேதியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, நான்கின் தலையைத் திறந்து, மறுபடியும் எழுதினேன்.

மிச்சம் மூன்றுதான்: 1, 4, 9.